பெயரை மறைத்தாலும் படை தெரிய வேண்டும்: வார்கேமில் படை விதிகளைத் திருத்துவது எப்படி?

வார்கேம் மேசையில் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. ஒரு பக்கம் கேடயத்தோடு வரிசை கட்டி நிற்கும் காலாட்படை, எதிரே கூச்சலோடு ஓடிவரும் காட்டுக் கூட்டம். பொம்மைகளைப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஆட்டம் தொடங்கி இரண்டு சுற்று போனதும் ஆடுகிற இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்: மேசையின் நடுவுக்கு நகர்வது, கை நிறையப் பகடையை உருட்டுவது, விழுந்த பொம்மைகளை எடுத்து ஓரமாக வைப்பது. பெயரையும் பெயிண்டையும் மறைத்துவிட்டால் எது எந்தப் படை என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக இருப்பதுதான் படை விதி, ஆட்டக்காரர்கள் ஆர்மி ரூல் என்று சொல்வது. அது என்ன, நல்ல படை விதி எப்படி இருக்கும், சுமாராக இருக்கிற ஒன்றை எப்படித் திருத்தி எழுதுவது என்று புதிதாக ஆட வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அடிப்படை. டேபிள்டாப் வார்கேம் என்பது சின்னப் பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி, அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையின் முடிவைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. சதுரங்கத்தில் இருப்பதுபோல் கட்டங்கள் பெரும்பாலும் கிடையாது, எல்லாம் இன்ச் கணக்குதான். பல பொம்மைகள் சேர்ந்த ஒரு குழு ஒரு யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் சில எண்கள் இருக்கும்: எவ்வளவு தூரம் நகரும், பகடையில் எத்தனை விழுந்தால் அதன் அடி படும், எத்தனை விழுந்தால் அதன் கவசம் தாங்கும். 4+ என்று எழுதியிருந்தால் ஆறுமுகப் பகடையில் 4, 5, 6 விழுந்தால் வெற்றி என்று அர்த்தம். அடி பட்டால் அது ஹிட், அந்த அடியைக் கவசத்தால் தடுக்க உருட்டுவது சேவ், ஓடிப்போய் மோதுவது சார்ஜ். இந்த மூன்று சொல்லும் கீழே நிறைய வரும்.

விதிகள் பொதுவாக மூன்று அடுக்காக இருக்கும். எல்லாருக்கும் பொதுவான அடிப்படை விதிகள் ஒன்று, ஒவ்வொரு யூனிட்டின் எண்கள் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு படை முழுவதற்கும் பொருந்துகிற சிறப்பு விதிகள். வார்ஹாமர் 40,000 விளையாட்டின் பத்தாம் பதிப்பு 2023-இல் வந்தபோது ஒவ்வொரு படைக்கும் ஒரு படை விதி, அதற்கு மேல் அந்தப் படையை எந்தப் பாணியில் ஆடப் போகிறோம் என்று தேர்ந்தெடுக்கிற டிடாச்மென்ட் விதி என்று ஒழுங்குபடுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரை ஆடுகிற போல்ட் ஆக்‌ஷனில் நாட்டுக்கு நாடு தனி விதி உண்டு. வைக்கிங் காலத்தை ஆடுகிற சாகாவில் ஒவ்வொரு படைக்கும் ஒரு பலகையே தனியாக இருக்கும், பகடைகளை அதன்மேல் வைத்துத்தான் படையின் திறன்களை இயக்க வேண்டும். வடிவம் எப்படி இருந்தாலும் இதற்கெல்லாம் நோக்கம் ஒன்றுதான்: அந்தப் படையை எடுத்து ஆடுகிறவர் அந்தப் படை மாதிரி சண்டை போட வேண்டும்.

சரி, இங்கேதான் நாமே எழுதிக்கொள்கிற பெரும்பாலான வீட்டு விதிகள் சறுக்குகின்றன. "இவர்கள் சிறந்த வில்லாளிகள், அதனால் ஹிட்டுக்கு +1" என்று எழுதிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பகடை, 4+ ஹிட் என்றால் சராசரியாக 6 அடி படும். +1 கொடுத்தால், அதாவது விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டினால், 3+ ஆகும், 8 அடி படும். எதிரியின் பொம்மைகள் கொஞ்சம் வேகமாகக் குறையும், அவ்வளவுதான். அந்த +1 இல்லாதபோது எங்கே நின்று எதைச் சுட்டிருப்பீர்களோ, அது வந்த பிறகும் அங்கேயே நின்று அதையேதான் சுடுவீர்கள். படை பலமாகியிருக்கிறது, ஆனால் அது சண்டை போடும் விதம் துளியும் மாறவில்லை. பலம் வேறு, பாணி வேறு. பலம் என்பது ஒரு காரியம் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பது, பாணி என்பது தளபதி எந்தக் காரியத்தைச் செய்யத் தேர்ந்தெடுக்கிறார் என்பது. ஆகவே ஒரு படை விதியைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்த விதி இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டாத எதையாவது இது என்னைச் செய்ய வைக்கிறதா என்பதுதான்.

அப்படிச் செய்ய வைக்கிற விதியை எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்து மிக நல்ல வழி, போனஸ் கொடுப்பதை விட்டுவிட்டு விலையை மாற்றுவது. அடிப்படை விதிகளை ஒரு முறை நிதானமாகப் படித்தால், அவை முழுக்க விலைகள் நிரம்பியவை என்று தெரியும். நகர்ந்துவிட்டுச் சுட்டால் குறி தப்பும். வேகமாக ஓடினால் அந்தச் சுற்றில் சார்ஜ் செய்ய முடியாது. சண்டையிலிருந்து பின்வாங்கினால் அடுத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லாப் படையும் கொடுக்கிற இந்த விலைகளில் எதை இந்தப் படை கொடுக்காது, அதற்குப் பதிலாக மற்றவர்கள் கொடுக்காத எந்த விலையை இது கொடுக்கும் என்று யோசித்தால் பாணி தானாக வெளியே வரும். விலக்கும் வேண்டும், புதிய விலையும் வேண்டும். விலக்கு மட்டும் இருந்தால் அது இன்னொரு வகைப் பலமாகத்தான் போய் முடியும்.

வார்ஹாமரின் ஓர்க்குகள் இதற்கு நல்ல உதாரணம். அவர்கள் கட்டுக்கடங்காமல் பாய்ந்து வருகிற கூட்டம். பொது விதிப்படி ஒரு யூனிட் தன் நகர்வுக்கு மேல் ஒரு பகடை தூரம் கூடுதலாக ஓடினால் அந்தச் சுற்றில் சார்ஜ் கிடையாது. ஓர்க்குகள் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை தங்கள் போர்க்கூச்சலை எழுப்பலாம், எழுப்பிய சுற்றில் அந்தத் தடை அவர்களுக்கு இல்லை. 6 இன்ச் நகர்வு, ஓட்டத்துக்கு ஒரு பகடை, சார்ஜுக்கு இரண்டு பகடை, ஆக சராசரியாக 16 இன்ச்சுக்கு மேல். வழக்கமாக 13 இன்ச் தூரத்தை ஆபத்து என்று நினைத்து நிற்கிற எதிரி இப்போது எவ்வளவு தள்ளி நிற்பது என்று ஒவ்வொரு சுற்றும் யோசிக்க வேண்டும். கூச்சலை இந்தச் சுற்றிலேயே எழுப்புவதா, இன்னும் ஒரு சுற்று நெருங்கிவிட்டு எழுப்புவதா என்பது ஓர்க் ஆட்டக்காரரின் தவிப்பு. அதோடு மோதும்போது கூடுதல் அடியும் கூடுதல் வலுவும் கிடைக்கிறது என்பதெல்லாம் சரிதான், ஆனால் அந்த ஆட்டத்தின் முகத்தையே மாற்றுவது ஓடிவிட்டும் மோதலாம் என்கிற அந்த ஒரு விலக்குதான்.

போல்ட் ஆக்‌ஷனின் முந்தைய பதிப்புகளில் அமெரிக்கக் காலாட்படைக்கு இருந்த விதியும் இதே வகை. நகர்ந்துவிட்டுச் சுட்டால் எல்லாருக்கும் ஹிட்டில் −1. அமெரிக்க ரைபிள் வீரர்களுக்கு அந்த −1 இல்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது: மற்ற நாட்டு வீரர்களில் பெரும்பாலானோர் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது குண்டை உள்ளே ஏற்றும் தாழ்ப்பாளை, இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கர்கள் கையில் இருந்த எம்1 காரண்ட் எட்டுக் குண்டுகளை வரிசையாக, விசையை மட்டும் அழுத்திச் சுடக்கூடிய துப்பாக்கி. விதி ஒரே வரிதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள், மற்ற படைகள் நல்ல மறைவிடம் பார்த்து நின்று சுட ஆசைப்படும், அமெரிக்கப் படை சுட்டுக்கொண்டே முன்னேற ஆசைப்படும். யாரும் அதை முன்னேறச் சொல்லி வற்புறுத்தவில்லை, முன்னேறுவது லாபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சாகாவின் ஆங்கிலோ-டேனியப் படையையும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் யூனிட்டுகள் ஒரே சுற்றில் மீண்டும் மீண்டும் உழைத்தாலோ சண்டை போட்டாலோ களைப்பு சேரும், அந்தக் களைப்பை எதிரி தனக்குச் சாதகமாகச் செலவழிக்கலாம். ஆங்கிலோ-டேனியரின் பலகை எதிரியின் மேல் களைப்பை ஏற்றுவதையும் அதை அறுவடை செய்வதையும் மையமாக வைத்தது. அதனால் அந்தப் படையை ஆடுகிறவர் கேடயச் சுவரை நிறுத்திவிட்டு, எதிரி தானாக வந்து மோதிச் சோரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். காத்திருப்பதே ஒரு பாணி என்பதை விதியில் கொண்டுவருவது சுலபமான வேலை கிடையாது, அதனால்தான் எனக்கு அந்தப் பலகை அவ்வளவு பிடிக்கும்.

இன்னொன்று, ஒரு படையின் கதையும் அது சண்டை போடும் விதமும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள வார்ஹாமரின் ஏல்டாரி படை உதவும். அவர்கள் வருங்காலத்தைப் பார்க்கத் தெரிந்த பழம்பெரும் இனம், அதே சமயம் மின்னலாக வந்து அடித்துவிட்டு மறைகிற படை. 2023-இல் அவர்களுக்குக் கொடுத்த விதி வருங்காலத்தைப் பற்றியது: ஆட்டத் தொடக்கத்தில் ஒரு குவியல் பகடையை உருட்டி வைத்துக்கொண்டு, முக்கியமான நேரத்தில் உருட்டுவதற்குப் பதிலாக அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்து வைக்கலாம். கதைக்கு அழகாகத்தான் பொருந்தியது. ஆனால் மேசையில் நடந்தது என்ன? பெரிய துப்பாக்கி சுடும்போது சேமித்து வைத்த 6-ஐ எடுத்து வைப்பது. அளவுக்கு மீறிப் பலமாக இருந்ததால் பிறகு அதைக் குறைக்க வேண்டியும் வந்தது. 2025-இல் வந்த புதிய விதி வேறு வழியில் போனது. ஒவ்வொரு சுற்றும் சில டோக்கன்கள் கிடைக்கும், அவற்றைச் செலவழித்துக் கூடுதல் தூரம் நகரலாம், எதிரி சுட்டதும் ஒதுங்கிக்கொள்ளலாம், இப்படிச் சில அசைவுகள். இப்போது அந்தப் படையை ஆடுகிறவர் எந்த யூனிட் எங்கே பாயும், அடித்துவிட்டு எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளியும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். இரண்டில் எது பலமான விதி என்ற வாதத்துக்கு நான் வரவில்லை, எது சண்டைப் பாணியைக் காட்டுகிறது என்றால் சந்தேகமே இல்லாமல் இரண்டாவதுதான்.

இனி ஒரு விதியை நாமே முதலிலிருந்து எழுதித் திருத்திப் பார்ப்போம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது கி.மு. 53-இல் நடந்த கார்ரே போர். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், ஹரான் பக்கத்தில், ரோமானியத் தளபதி கிராசஸ் ஏழு லீஜியன்களோடு, அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவுகளோடு, போய் அன்று ஈரானை ஆண்ட பார்த்தியரிடம் மாட்டிக்கொண்டார். பார்த்தியத் தளபதி சுரேனாவிடம் இருந்தது சுமார் 10,000 பேர், அதில் பெரும்பகுதி குதிரை வில்லாளிகள், ஆயிரம் பேர் அளவுக்கு ஆளும் குதிரையும் கவசம் போர்த்திய கனரகக் குதிரைப்படை. ரோமானியர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு. ஆனாலும் தோற்றது ரோமானியர்கள்தான். அம்புக்குப் பயந்து கேடயங்களை நெருக்கி மூடிக்கொண்டு நின்றால் கவசக் குதிரைகள் வந்து இடிக்கும், அவற்றைச் சமாளிக்க வரிசையை விரித்தால் அம்பு மழை. அம்பு தீர்ந்துவிடும் என்று காத்திருந்தார்கள், ஒட்டகங்கள் மூட்டை மூட்டையாக அம்பு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தன. கிராசஸின் மகன் பப்ளியஸ் குதிரைப்படையோடு துரத்திக்கொண்டு போனார், பார்த்தியர் ஓடுவதுபோல் ஓடி அவரைப் பிரதான படையிலிருந்து வெகு தூரம் இழுத்துப்போய்ச் சுற்றி வளைத்து அழித்தார்கள்.

இந்தச் சண்டையை விதியாக்கச் சொன்னால் முதலில் கைக்கு வருவது, நான் ஏற்கெனவே சொன்னதுபோல், "பார்த்திய வில்லாளிகளுக்கு ஹிட்டில் +1". அதைக் கிழித்துப் போட்டுவிடலாம். அடுத்து, "அம்பு விட்ட பிறகு 6 இன்ச் நகரலாம்". இது விலக்கு, நல்ல தொடக்கம். ஆனால் இதற்கு எதிரி செய்ய ஒன்றுமே இல்லை; காலாட்படை துரத்தும், குதிரை நழுவும், மறுபடி துரத்தும், மறுபடி நழுவும், மூன்றாவது சுற்றில் எதிரே இருப்பவருக்கு ஆட்டம் வெறுத்துவிடும். அது மட்டுமில்லாமல், பப்ளியஸுக்கு நடந்தது இந்த விதியில் நடக்க வாய்ப்பே இல்லை.

ஆகவே மூன்றாவது வடிவம். எதிரி ஒரு குதிரை வில்லாளி யூனிட்டின்மேல் சார்ஜ் அறிவித்ததும், அந்த யூனிட் உடனே ஒரு முறை அம்பு விட்டுவிட்டு 6 இன்ச் பின்வாங்கலாம். சார்ஜ் செய்தவர் பகடையில் விழுந்த தூரம் முழுவதும் அவர்களைப் பார்த்து ஓடியே ஆக வேண்டும், பாதியில் நிற்க முடியாது. பின்வாங்குகிற பாதையில் காடோ ஆறோ சொந்தப் படையோ மேசை விளிம்போ குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

இதை மேசையில் வைத்துப் பார்ப்போம். ரோமானியக் குதிரை யூனிட் 8 இன்ச் தூரத்தில் இருக்கிறது, அதன் சார்ஜ் 6 இன்ச்சும் இரண்டு பகடையும். வில்லாளிகள் அம்பு விட்டு 6 இன்ச் விலகியதும் இடைவெளி 14. பிடிக்க வேண்டுமானால் இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 36-இல் 15 வாய்ப்பு. பாதிக்கும் கொஞ்சம் கீழே, அதாவது ஆசை காட்டுகிற அளவுக்கு. 7 விழுந்தால் என்ன ஆகும்? 13 இன்ச் ஓடி, பிடிக்க முடியாமல், சொந்தக் காலாட்படையிலிருந்து 12 இன்ச்சுக்கும் மேல் விலகி, வெட்டவெளியில் நிற்கும். அடுத்த சுற்றில் மூன்று பக்கமும் வில்லாளிகள். பப்ளியஸின் கதை பகடையில் அப்படியே வந்துவிட்டது, யாரும் அவரை ஓடச் சொல்லவில்லை, துரத்தலாமா வேண்டாமா என்று ரோமானிய ஆட்டக்காரரே முடிவெடுத்தார். அதே சமயம் எதிரிக்கு ஒரு வழியும் இருக்கிறது, வில்லாளிகளை ஆற்றங்கரையிலோ மேசை ஓரத்திலோ மடக்கினால் அவர்கள் பின்வாங்க முடியாது. எனவே பார்த்திய ஆட்டக்காரர் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே ஆட வேண்டும். குதிரை வில்லாளித் தளபதி ஒருவருக்கு இருந்திருக்க வேண்டிய கவலை அதுதானே.

அப்புறம் அந்த மூடுவதா விரிப்பதா சிக்கல். முதல் முயற்சியாக இப்படி எழுதலாம்: ரோமானியர்கள் தங்கள் சுற்றின் தொடக்கத்தில் கேடயங்களை மூடலாம், மூடினால் அம்புக்கு எதிரான சேவ் 5+ இலிருந்து 3+ ஆகும், நகர்வு பாதியாகும், கவசக் குதிரை சார்ஜ் செய்தால் 4+ க்குப் பதில் 3+ இல் ஹிட் ஆகும். படிக்க நியாயமாகத் தெரிகிறது. இப்போது எண்களைப் போடுங்கள். எட்டுப் பேர் கொண்ட மூன்று வில்லாளி யூனிட்டுகள், 24 பகடை, 4+, ஆக 12 ஹிட். விரித்து நின்றால் 8 பேர் சாவார்கள், மூடியிருந்தால் 4 பேர். கவசக் குதிரைகள் 12 பகடை உருட்டினால் விரித்து நிற்பவர்கள்மேல் 6 ஹிட், 5+ சேவ் போக 4 பேர் சாவு. மூடி நிற்பவர்கள்மேல் 8 ஹிட், சேவ் போக ஐந்து, ஐந்தரை. கேடயத்தை மூடினால் அம்பில் 4 பேர் மிச்சம், சார்ஜில் ஒன்றரைப் பேர்கூட நஷ்டமில்லை. அப்படியானால் யார் விரிப்பார்கள்? ஆட்டம் முழுக்க மூடியே வைத்திருப்பதுதான் சரியான விடை, சிக்கல் என்று நாம் நினைத்தது சிக்கலே இல்லை. காகிதத்தில் நன்றாகத் தெரிகிற பல விதிகள் இப்படித்தான் உள்ளே ஒரே விடையை வைத்துக்கொண்டிருக்கும், பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் அது தெரியும்.

திருத்தம் சின்னதுதான். மூடிய அணிக்குக் கவசக் குதிரையின் சார்ஜுக்கு எதிராகச் சேவே கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். நெருக்கி நிற்பவர்களால் விலகவும் முடியாது, ஈட்டியைத் திருப்பவும் முடியாது, அதனால் காரணமும் பொருந்துகிறது. இப்போது மூடினால் சார்ஜில் 8 பேர் சாவு, விரித்தால் 4. அம்பில் மூடினால் 4, விரித்தால் 8. இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தால் எப்படி நின்றாலும் 12 பேர் போய்விடுவார்கள். ஆக ரோமானியரின் முடிவு கவசக் குதிரைகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து மாறுகிறது: அவை 20 இன்ச் தள்ளி நின்றால் மூடலாம், 10 இன்ச்சுக்குள் வந்துவிட்டால் விரிப்பதா என்று யோசித்தாக வேண்டும். உடனே பார்த்திய ஆட்டக்காரருக்கு ஒரு புதிய ஆயுதம் கிடைக்கிறது, கவசக் குதிரைகளை வெறுமனே முன்னே கொண்டுவந்து நிறுத்தியே, மோதாமலேயே, எதிரியின் கேடயங்களைத் திறக்க வைக்கலாம். அந்த ஒரு வரி இத்தனையையும் செய்கிறது.

கடைசியாகப் பார்த்தியர் கொடுக்க வேண்டிய விலை. ஒவ்வொரு வில்லாளி யூனிட்டுக்கும் மூன்று அம்பு டோக்கன் கொடுங்கள், ஒவ்வொரு முறை அம்பு விடும்போதும், பின்வாங்கும்போது விடுகிற அம்பையும் சேர்த்து, ஒன்று போகும். ஒட்டக யூனிட்டுக்கு 3 இன்ச்சுக்குள் இருந்து அந்தச் சுற்றில் அம்பு விடாமல் நின்றால் மூன்றும் திரும்ப வரும். இதனால் ஒட்டகங்களைப் பின்னால் பத்திரமாக ஒளித்து வைக்க முடியாது, சண்டைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ரோமானியருக்கும் அப்போதுதான் ஓர் இலக்கு கிடைக்கிறது. தன்னைவிட வேகமாக ஓடுகிற வில்லாளியைத் துரத்துவதைவிட்டு, அவன் திரும்பி வந்தே ஆக வேண்டிய இடத்தைத் தாக்கலாம்.

பகடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிர்ஷ்டத்தின் அளவும் ஒரு படையின் குணத்தைக் காட்டும். ஒழுங்கான படையின் சார்ஜ் எப்போதும் சரியாக 7 இன்ச் என்று வையுங்கள், காட்டுக் கூட்டத்தின் சார்ஜ் இரண்டு பகடை என்று வையுங்கள். சராசரி இரண்டுக்கும் 7 தான். ஆனால் இரண்டு பகடையில் ஆறில் ஒரு முறை 4 அல்லது அதற்குக் கீழே விழுந்து கூட்டம் நட்டாற்றில் நிற்கும், ஆறில் ஒரு முறை 10 அல்லது அதற்கு மேல் விழுந்து எதிரி எதிர்பார்க்காத இடத்தில் வந்து இடிக்கும். முதல் படையை ஆடுகிறவர் அளந்து அளந்து ஆடுவார், இரண்டாவதை ஆடுகிறவர் துணிந்து ஆடுவார். பலத்தில் ஒரு துளியும் கூட்டாமல் குணத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். மறுபடி உருட்டுகிற உரிமையும் இப்படித்தான். 9 இன்ச் சார்ஜ் சாதாரணமாக 28 சதவீதம்தான் பலிக்கும், யாரும் நம்பி இறங்க மாட்டார்கள். ஒரு முறை மறுபடி உருட்டலாம் என்றால் அது 48 சதவீதம் ஆகிறது, பாதிக்குப் பாதி என்றதும் கை துறுதுறுக்கும். போனஸ் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இது உதாரணம், ஒரு முடிவின் விளிம்பில் வைத்த போனஸ் ஆட்டத்தை மாற்றும், நடுவில் வைத்தது மாற்றாது.

தனி விதியே தேவையில்லாத இடங்களும் உண்டு. 1990-இல் வெளிவந்த டிபிஏ என்ற பண்டைக்காலப் போர் விளையாட்டில் ஒரு படைக்கு 12 துண்டுகள்தான், ஒவ்வொன்றும் பொம்மைகளை ஒட்டிய ஒரு சின்ன அட்டை. படைக்கென்று பக்கம் பக்கமாகச் சிறப்பு விதிகள் கிடையாது. ஆனாலும் வாள்வீரர்கள், ஈட்டிக்காரர்கள், காட்டுக் கூட்டம் என்று துருப்பு வகைகள் ஒன்றோடொன்று மோதும் விதத்திலேயே வித்தியாசம் இருக்கிறது: வாள்வீரர்கள் எண்ணில் பலமானவர்கள், ஆனால் காட்டுக் கூட்டத்திடம் ஒரு முறை தோற்றால் பின்வாங்குவதோடு முடியாமல் அப்படியே அழிந்துபோகலாம். அதனால் கூட்டத்தை ஆடுகிறவர் சீக்கிரம் மோதவே பார்ப்பார். எழுத உட்காரும் முன் அடிப்படை விதிகளே இந்த வேலையைச் செய்துவிடுகின்றனவா என்று பாருங்கள், செய்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

எழுதும் விதத்தைப் பற்றி மூன்றே விஷயம். விதியை ஆட்டத்தின் நடுவில் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிய வேண்டும், முடியாவிட்டால் ஒரு பாதியை வெட்டுங்கள். எப்போது நடக்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்ற இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும், சண்டை சச்சரவு எல்லாம் அங்கேதான் கிளம்பும். டோக்கன் வைத்தால் அதை எதிரியும் பார்க்கும்படி மேசைமேல் வையுங்கள். எதிரிக்குத் தெரியாத விதிக்கு எதிராக அவரால் யோசிக்க முடியாது. அவர் யோசிக்காவிட்டால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பாணி ஒரு பக்கத்தில் மட்டும்தான் நடக்கும்.

பிறகு சோதனை. ஒரே மேசை, ஒரே படைகள், இரண்டு ஆட்டம், நடுவில் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். விதியை எழுதியவர் இரண்டாவது ஆட்டத்தில் அதற்கு எதிராக ஆட வேண்டும், இது கட்டாயம். ஆடும்போது யார் ஜெயித்தார் என்பதைவிட, விதி எத்தனை முறை உங்களை யோசிக்க வைத்தது, எத்தனை முறை யோசிக்காமலேயே பயன்படுத்தினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். எப்போதும் ஒரே மாதிரி பயன்படுத்தினால் அதில் விலை குறைவு, பயன்படுத்தவே இல்லையென்றால் விலை அதிகம். பார்த்திய விதியில் அம்பு டோக்கன் மூன்று என்பதை நான்காக்கலாமா, பின்வாங்கும் தூரம் 6 இன்ச்சை 5 ஆக்கலாமா என்பதையெல்லாம் இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தடவையில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது எதை மாற்றியது என்று தெரியாமல் போகும். படைக்கான பாயிண்ட் விலையை, அதாவது இரண்டு பக்கமும் சமமாக இருக்க ஒவ்வொரு யூனிட்டுக்கும் வைக்கிற மதிப்பெண்ணை, கடைசியில் தொடுங்கள். விதி பிடித்த வடிவத்துக்கு வந்த பிறகும் ஒரு பக்கமே ஜெயித்துக்கொண்டிருந்தால், அப்போது வில்லாளி யூனிட்டின் பாயிண்ட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, விதியைத் தொடாமல் மறுபடி ஆடிப் பாருங்கள்.